வீட்டுக்கூட்டத்தில் தலையீற்றுப் பாடம் எடுப்பது எப்படி

எங்கள் பக்கம் அறுப்பின் பண்டிகை நெருங்கிவிட்டால் வீட்டு ஜெபக்கூட்டங்களில் யாராவது ஒருவர் தலையீற்றைப் பற்றி, அதாவது முதலில் பிறக்கும் ஆண் கன்று கர்த்தருக்கு உரியது என்று வேதாகமம் சொல்வதைப் பற்றி, பேசியே ஆக வேண்டும். கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் சில வருஷங்களாக நானும் இந்தப் பாடத்தை எடுக்கிறேன். முதல் தடவை எடுத்தது படுதோல்வி. யாத்திராகமம் 13இல் தொடங்கி 22, 34, அப்புறம் லேவியராகமம் 27, எண்ணாகமம் 3, 18, கடைசியில் உபாகமம் 15 என்று வரிசையாக வாசிக்கச் சொன்னேன். வந்திருந்தவர்கள் பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்கள், எண்ணாகமத்தைத் தொடுவதற்குள் பாதிப் பேர் சுவரில் சாய்ந்துவிட்டார்கள். முழித்திருந்த ஒரே ஆள் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் ஒரு பாட்டி.

"தம்பி, தலையீத்து கிடேரியா பொறந்துட்டா என்ன பண்றது? அதுக்கு ஒண்ணுமே சொல்லலையே?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. ஜெபம் பண்ணி முடித்துவிட்டேன். அந்த ஒரு கேள்விக்காக அப்புறம் நான் படித்ததுதான் இங்கே இருப்பதில் பெரும்பகுதி. அதனால் நீங்கள் எடுக்கும்போது வசன வரிசையில் தொடங்காதீர்கள், மாட்டில் தொடங்குங்கள்.

முதலில் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். சந்தையில் "தலையீத்து மாடு" என்றால் முதல் தடவை கன்று போட்ட மாடு, அதாவது தாய். வேதாகமத்தில் "தலையீற்று" என்றால் அப்படிப் பிறந்த கன்று. இதைச் சொல்லாமல் விட்டால் பால்காரர் வீட்டில் ஒரு மாதிரியும் வாத்தியார் வீட்டில் ஒரு மாதிரியும் புரிந்துகொள்வார்கள், நீங்கள் கடைசிவரை கவனிக்கமாட்டீர்கள். எபிரெயத்தில் இதற்கு இரண்டு சொற்கள் ஓடுகின்றன. ஒன்று பெகோர், முதல் பிள்ளை. இன்னொன்று பேதெர் ரெகெம், கருப்பையைத் திறந்துகொண்டு வருவது. பழைய தமிழ் வேதாகமத்தில் "கர்ப்பந்திறந்து பிறக்கிற" என்று வருகிறதே, அது இந்த இரண்டாவதின் நேர் பெயர்ப்பு. பாட்டியின் கேள்விக்குச் சாவி அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

நிபந்தனை இரண்டு. கன்று தாயின் முதல் ஈற்றாக இருக்க வேண்டும், ஆணாகவும் இருக்க வேண்டும் (யாத்திராகமம் 13:12). முதல் ஈற்றில் கிடேரி வந்துவிட்டால் கருப்பை ஏற்கெனவே திறந்தாயிற்று. அடுத்த ஈற்றில் காளைக்கன்று வந்தாலும் அது தலையீற்று ஆகாது, இரண்டுமே வீட்டுக்குத்தான். யூத ரபிகள் இதை விடாமல் அலசியிருக்கிறார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் "பெகோரோத்" என்று ஒரு பகுதியே இதற்காக இருக்கிறது. இரட்டை பிறந்தால் என்ன, வயிற்றைக் கிழித்து எடுத்த கன்று "கர்ப்பந்திறந்தது" ஆகுமா என்றெல்லாம் போகும். எனக்குப் பிடித்தது, சந்தையில் வாங்கிய மாடு ஏற்கெனவே ஈன்றதா இல்லையா என்று தெரியாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி. ரபி இஸ்மவேல் வயசை வைத்து ஒரு கணக்குச் சொல்கிறார்: வெள்ளாடு 1 வயசுக்குள், செம்மறி 2 வயசுக்குள், மாடும் கழுதையும் 3 வயசுக்குள் ஈன்றால் சந்தேகமே இல்லை, அது தலையீற்று, ஆசாரியனுக்கு உரியது. அதற்கு மேல் என்றால் சந்தேகம். ரபி அக்கிபா இதை ஒத்துக்கொள்ளவில்லை. இதைச் சொன்னால் மாடு வாங்கி ஏமாந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். பேச விடுங்கள். தரகர் "ரெண்டாம் ஈத்துதான்" என்று சத்தியம் செய்து நாலாம் ஈற்று மாட்டைத் தலையில் கட்டிய கதை எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு, அந்தப் பத்து நிமிஷம் வீண் இல்லை.

அடுத்து வருவதுதான் பாடத்தின் உயிர், இங்கே அவசரப்படாதீர்கள். தலையீற்றைக் "காணிக்கை" என்று சொல்லித் தொடங்கினால் பாடம் அங்கேயே கோணிவிடும். நம் ஊரில் ஆட்டை நேர்ந்துவிடுவது எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் கிடா வெட்டுகிறேன் என்று நேர்ந்துகொள்வது, அதுவரை அதை யாரும் தொடாமல் வளர்ப்பது. தலையீற்று என்றதும் கேட்பவர்கள் மனசில் அந்தக் கிடாதான் வந்து நிற்கும். ஆனால் லேவியராகமம் 27:26 இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. தலையீற்றை யாரும் நேர்ந்துகொள்ளக்கூடாது, ஏனென்றால் அது பிறக்கும்போதே கர்த்தருடையது. உன்னுடையது அல்லாததை நீ எப்படி நேர்ந்துகொடுப்பாய்?

இதை விளக்க நான் வாரத்துக்கு ஆடு வளர்ப்பதைச் சொல்வேன். ஒருவர் ஆட்டை வாரத்துக்கு வாங்கி வளர்க்கிறார், குட்டியில் ஆட்டுக்காரருக்குப் பங்கு உண்டு என்று பேச்சு. அந்தப் பங்குக் குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, "இந்தாங்க, உங்களுக்கு என் அன்பளிப்பு" என்று சொன்னால் அவர் சிரிப்பார். யாத்திராகமம் 13:2 "அது என்னுடையது" என்று முடிவது இந்தத் தொனியில்தான். கேட்டு வாங்குகிற பேச்சே இல்லை.

ஏன் அவருடையது என்பதற்கு இஸ்ரவேலர் எகிப்தில் அடிமையாக இருந்த கடைசி இரவுதான் பதில். மனிதரில் தொடங்கி மிருகங்கள் வரை எகிப்தின் முதற்பேறு எல்லாம் செத்த இரவில் இஸ்ரவேலின் முதற்பேறு தப்பியது, தப்பவைத்தவருக்கே அது சொந்தம் என்கிறது எண்ணாகமம் 3:13. அதற்கும் முன்னால், யாத்திராகமம் 4:22இல், "இஸ்ரவேல் என் குமாரன், என் சேஷ்டபுத்திரன்" (மூத்த மகன்) என்று பார்வோனிடம் சொல்லச் சொல்கிறார். ஆக ஒவ்வொரு தொழுவத்திலும் முதல் கன்று விழும்போதெல்லாம் அந்த இரவின் நினைவு வீட்டுக்குள் வருகிறது. இங்கே ஒரு வேலை செய்யுங்கள். கூட்டத்தில் இருக்கும் ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு யாத்திராகமம் 13:14இல் மகன் கேட்கும் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள், பதிலை அவனுடைய அப்பாவே வாசிக்கட்டும். நீங்கள் வாசிக்காதீர்கள். இந்தச் சடங்கு வீட்டில் கேள்வி கேட்க வைப்பதற்காகவே இப்படி எழுதப்பட்டிருக்கிறது, அதை மேடைப் பேச்சு ஆக்கினால் சப்பென்று ஆகிவிடும்.

சரி, கன்றை என்ன செய்தார்கள்? ஏழு நாள் தாயோடு இருக்கும், எட்டாம் நாள் எனக்குக் கொடு என்கிறது யாத்திராகமம் 22:30. இந்த இடத்தில் மாடு வளர்ப்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். "எட்டாம் நாள் கன்னைப் பிரிச்சா மாடு பாலை அடக்கிக்குமே" என்று ஒரு அக்கா கேட்டார். சரியான கேள்வி. கன்று செத்தால் தோலில் வைக்கோல் அடைத்து மாட்டின் முன்னால் வைத்துக் கறந்த ஊர் நம்முடையது. லேவியராகமம் 22:27ஐக் காட்டுங்கள், எட்டாம் நாளும் அதற்கு மேலும் பலிக்கு ஏற்றது என்று இருக்கிறது. அதாவது எட்டாம் நாளில் வாசல் திறக்கிறது, அதற்கு அப்புறமும் கொண்டுபோகலாம். உபாகமம் 15:20 வருஷந்தோறும் கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்துக்குப் போய்ச் சாப்பிடச் சொல்கிறது. எல்லோருக்கும் எட்டாம் நாள் அந்த இடம் பக்கத்தில் இருக்காது. கோத்தகிரியில் பிறந்த கன்றை மலை இறக்கி மேட்டுப்பாளையம் தாண்டி ஓட்டிப்போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பண்டிகை வரை தொழுவத்தில்தான் நிற்கும்.

அப்படி நிற்கும் மாதங்களுக்குத்தான் உபாகமம் 15:19. தலையீற்றுக் காளையை ஏரில் பூட்டாதே, தலையீற்றுச் செம்மறிக் கிடாவின் மயிரைக் கத்தரிக்காதே. சமவெளியில் இதை எடுக்கும் நண்பர்கள் மயிர் கத்தரிப்பது கேட்பவர்களுக்குப் பிடிபடவில்லை என்பார்கள். மேச்சேரி மாதிரிச் செம்மறிக்கு முடி குட்டையாக இருக்கும், கம்பளி என்று கத்தரித்து எடுக்க ஒன்றும் இல்லை. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நீலகிரிச் செம்மறியே கம்பளிக்காக வளர்ந்த இனம், 19ஆம் நூற்றாண்டில் மெரினோ, செவியட் போன்ற வெளிநாட்டுக் கிடாக்களின் ரத்தம் கலந்து வந்தது, இன்றைக்கும் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. அதைப் பார்த்த ஒருவரை எழுப்பி, மயிர் கத்தரிக்காமல் விட்டால் கிடா எப்படி இருக்கும் என்று சொல்லச் சொல்லுங்கள். முடி வளர்ந்து சடை பிடித்து, மந்தையில் அது ஒன்று மட்டும் தனியாகத் தெரியும். தினமும் கண்ணில் படும், கையில் கத்தரிக்கோல் இருக்கும், தொடக்கூடாது. அந்த ஒரு காட்சி நம் அரைமணி நேரப் பிரசங்கத்துக்குச் சமம்.

இன்னொரு சிக்கலை நீங்களாகவே எடுத்துப் போட்டுவிடுவது நல்லது, இல்லாவிட்டால் உஷாரான ஒருவர் எடுப்பார். நம் ஊர்க் கலப்பின மாட்டில் காளைக்கன்று என்றால் யாருக்கும் சந்தோஷம் இல்லை, வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். "வேண்டாததைத்தானே ஆண்டவருக்குக் கொடுத்திருக்காங்க" என்று ஒரு இளைஞன் என்னிடம் கேட்டே விட்டான். அங்கே காளை என்பது உழவு, எருது இல்லாமல் விதைப்பு இல்லை. அதோடு முதல் ஈற்று. அந்த மாடு மறுபடி சினை பிடிக்குமா, அடுத்த கன்று தங்குமா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் கையை விட்டுப் போகிற கன்று அது. பத்தாவது கன்றைக் கொடுப்பவனிடம் ஒன்பது இருக்கிறது.

இறைச்சி யாருக்குப் போனது என்பதில் வசனங்கள் ஒரே குரலில் பேசவில்லை, இதை மூடி மறைக்காதீர்கள். எண்ணாகமம் 18:17-18 படி ரத்தம் பலிபீடத்தில் தெளிக்கப்படும், கொழுப்பு எரிக்கப்படும், இறைச்சி ஆசாரியனுக்கு. உபாகமம் 15:20 படி மாட்டுக்காரனும் அவன் வீட்டாரும் கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிடுவார்கள். ரபிகள் இதை எளிதாகத் தீர்த்துவிட்டார்கள், உபாகமத்தில் "நீ" என்பது ஆசாரியனைத்தான் குறிக்கிறது என்று. இன்றைய ஆய்வாளர்கள் பலர் இவை வெவ்வேறு காலத்தில் உருவான சட்டத் தொகுப்புகள் என்கிறார்கள். நான் இரண்டையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இரண்டிலும் பொதுவாக இருப்பதைக் கவனிக்க வைத்தால் போதும், ரத்தமும் கொழுப்பும் எந்தக் காலத்திலும் மனிதனுக்கு இல்லை, முழு மிருகமும் சாம்பலாவதும் இல்லை. பாவநிவாரண பலியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய, இங்கே யாருடைய பாவத்தைப் பற்றியும் பேச்சே இல்லை.

ஊனமான தலையீற்றுக்கு வேறு வழி. முடமோ குருடோ ஆனால் பலியிடக்கூடாது, ஊரிலேயே சாப்பிட்டுவிடலாம், வெளிமானையும் கலைமானையும் சாப்பிடுவதுபோல, ரத்தத்தை மட்டும் தண்ணீர் மாதிரித் தரையில் ஊற்றிவிட வேண்டும் (உபாகமம் 15:21-23). மான் உதாரணத்தை எங்கள் ஊரில் கொஞ்சம் மெதுவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, வனத்துறை செக்போஸ்ட் பக்கத்தில்தான் கூட்டம் நடக்கும். இதோடு மல்கியா 1:8ஐச் சேர்த்து வாசியுங்கள். முடமானதை உன் அதிபதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார், வாங்கிக்கொள்வானா என்று தீர்க்கதரிசி நக்கலாகக் கேட்கிறார். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு நொண்டி ஆட்டைக் கொண்டுவந்தவர்கள் கூட்டத்தில் இருந்தால் அவர்களைப் பார்க்காமல் வாசிக்கவும்.

கழுதைக்கு வந்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். கழுதை தீட்டான மிருகம், பலியாகாது. அதன் தலையீற்றுக்குப் பதில் ஒரு ஆட்டுக்குட்டியைக் கொடுத்து மீட்க வேண்டும், மீட்காவிட்டால் அதன் கழுத்தை முறித்துவிட வேண்டும் (யாத்திராகமம் 13:13). கொடூரமாக இருக்கிறதே என்பார்கள். கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டை சுமக்கும் கழுதையைவிட ஆட்டுக்குட்டி மலிவு, மீட்பதுதான் லாபம். மீட்காமலே வைத்து வேலை வாங்கிக்கொள்ளலாம் என்ற குறுக்குவழியை மட்டும்தான் அந்தக் கழுத்துச் சட்டம் அடைக்கிறது. மாடு, செம்மறி, வெள்ளாடு மூன்றுக்கும் மீட்பு கிடையாது (எண்ணாகமம் 18:17). மனிதப் பிள்ளைக்குக் கட்டாயம் மீட்பு உண்டு. இந்த மூன்று வகையைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மனிதப் பிள்ளைக்கு 5 சேக்கல், ஒரு மாசம் ஆனதும் (எண்ணாகமம் 18:16). தோண்டியெடுத்த எடைக்கற்களின்படி ஒரு சேக்கல் 11 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, ஆக 55 கிராமுக்கு மேல் வெள்ளி. பாரம்பரிய யூதர்கள் இன்றும் தலைப்பிள்ளைக்கு ஐந்து வெள்ளிக் காசு கொடுத்து இதைச் செய்கிறார்கள். எண்ணாகமம் 3ஆம் அதிகாரத்தில் பெரிய கணக்கு வரும். இஸ்ரவேலின் முதற்பேறான ஆண்கள் 22,273, அவர்களுக்குப் பதிலாகக் கர்த்தர் தம் ஊழியத்துக்கு எடுத்துக்கொண்ட லேவி கோத்திரத்து ஆண்கள் 22,000, மிச்சம் 273 பேருக்கு ஐந்தைந்தாக 1,365 சேக்கல். லேவியரின் மிருகங்களும் மற்றவர்களின் மிருகத் தலையீற்றுகளுக்குப் பதில். போனில் கால்குலேட்டர் வைத்திருக்கும் ஒருவர் லேவியரின் மூன்று வம்சங்களான கெர்சோன் 7,500, கோகாத் 8,600, மெராரி 6,200 மூன்றையும் கூட்டி 22,300 வருகிறதே என்பார். பதறாதீர்கள். அந்த 300 பேர் லேவியரிலேயே முதற்பேறு, தங்களையே மீட்டுக்கொண்டார்கள், மற்றவரை மீட்க எண்ணவில்லை என்பது ரபிகளின் பெரிய விளக்க நூலான தல்மூத் சொல்லும் விளக்கம். கோகாத்தின் எண் நகலெடுக்கும்போது மாறியிருக்கலாம் என்பது இன்னொன்று.

தவறாகச் சொல்லப்படும் இரண்டைத் திருத்திவிடுங்கள். எகிப்தின் அந்தக் கடைசி இரவில் அடித்த பஸ்கா ஆடு தலையீற்றாக இருக்க வேண்டும் என்று யாத்திராகமம் 12இல் எங்கும் இல்லை. பழுதற்ற, ஒரு வயசு ஆண், செம்மறியோ வெள்ளாடோ, அவ்வளவுதான். அந்த ஆட்டின் ரத்தம் முதற்பேறைக் காப்பாற்றியது, அதனால் இரண்டும் பேச்சில் ஒட்டிக்கொண்டன. அப்புறம் லூக்கா 2இல் மரியாளும் யோசேப்பும் கொண்டுபோன ஜோடிப் புறா. அது குழந்தையை மீட்கும் விலை இல்லை. தாயின் சுத்திகரிப்புக்காக லேவியராகமம் 12:8 ஏழைகளுக்கு அனுமதித்தது. முதற்பேறு வசனத்தையும் லூக்கா பக்கத்திலேயே எடுத்துச் சொல்வதால் கலந்துவிடுகிறது.

ஒரு கஷ்டமான கேள்வியும் வரும். யாத்திராகமம் 22:29 குமாரரில் முதற்பேறை எனக்குக் கொடு என்கிறது, மீட்பு என்ற வார்த்தையே அங்கே இல்லை, அப்படியானால் பிள்ளையைப் பலியிட்டார்களா? பக்கத்து ஜனங்கள் செய்தார்கள், இஸ்ரவேலிலும் சிலர் செய்தார்கள், அதைத்தான் எரேமியா 7:31 நான் கட்டளையிடவும் இல்லை, என் மனசில் தோன்றவும் இல்லை என்று கண்டிக்கிறது. மீகா 6:7 அதே கேள்வியை ஒரு பக்தன் வாயில் வைத்து, அடுத்த வசனத்தில் வேண்டாம் என்கிறது. யாத்திராகமம் 13உம் 34உம் மீட்டுக்கொள் என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. இதை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம். எசேக்கியேல் 20:25-26ஐ மட்டும் புதிதாக வந்தவர்கள் இருக்கும் கூட்டத்தில் நீங்களாக எடுக்காதீர்கள், அது தனி மாலைக்கான விஷயம்.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எருமைகளை ஒப்பிட்டுப் பேசலாமா என்று கேட்பார்கள். ஒரு வரி போதும். பால் பண்ணையே கோயிலாக, குறிப்பிட்ட மந்தையின் பாலைத் தொடுவதற்கென்றே தீட்சை பெற்றவர் இருக்கும் வழக்கம் இதே மலையில் இருக்கிறது, ஆகவே மிருகத்திலும் பாலிலும் பரிசுத்தம் உண்டு என்பது நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. அதற்கு மேல் "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று போகாதீர்கள், இரண்டு பக்கத்துக்கும் அநியாயம்.

முதல் சம்பளம் பேச்சு வேறு. ஒரு கன்வென்ஷனில், யார் என்று வேண்டாம், முதல் மாசச் சம்பளத்தை அப்படியே கொடுத்தால் இரட்டிப்பாக வரும் என்று தலையீற்று வசனத்தை வைத்துப் பேசினார்கள். தேயிலை ஃபாக்டரியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கொடுத்துவிட்டு, அந்த மாசம் மளிகைக் கடன் வாங்கியது எனக்குத் தெரியும். தலையீற்று வசனங்கள் எதிலும் இரட்டிப்பு வாக்குறுதி கிடையாது, தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இரட்டிப்பு என்று வருவது உபாகமம் 21:17இல், மூத்த மகனுக்கு அப்பாவின் சொத்தில் இரண்டு பங்கு, அது வேறு சட்டம்.

நேரம் ஒரு மணிக்கு மேல் வேண்டாம். எல்லா வசனத்தையும் வாசிக்க வேண்டியதில்லை, யாத்திராகமம் 13:11-16உம் உபாகமம் 15:19-23உம் போதும், மற்றதை நீங்கள் வாயால் சொல்லிவிடலாம். கூட்டத்தில் யார் வீட்டிலாவது மாடு ஈன்றிருந்தால் அந்த வாரம் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், முன்கூட்டியே கேட்டுவிட்டு. போன வருஷம் அந்தப் பாட்டி வீட்டில் வைத்தோம். தலையீத்து மாடு, கன்று பிறந்து மூணாம் நாள். கிடேரி. வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்த சீம்பாலைத் துண்டு போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, "தம்பி, நீ சொன்ன கணக்குப்படி இனிமே இந்த மாடு போடுறது எல்லாமே எனக்குத்தானே?" என்று உறுதி செய்துகொண்டார். ஆமாம் என்றேன்.